அண்ணன் கேட்ட வான்கோழி

எனக்குப் பொறுமை கிடையாது. கூடப் பிறந்த குணம், இனி மாறப்போவதும் இல்லை. இட்லிப் பானையை ஆவி வருமுன் திறந்து பார்ப்பேன். பஸ் நிற்குமுன் எழுந்து படிப்பக்கம் போய் நிற்பேன். அப்படிப்பட்டவளிடம் என் மகள் பெங்களூரிலிருந்து ஒரு ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து கொடுத்து, "ஒண்ணுமே செய்ய வேண்டாம்மா, மூடி வச்சிட்டுச் சும்மா இருந்தாப் போதும்" என்றாள். சும்மா இருப்பது என்ன அவ்வளவு லேசான காரியமா?

குக்கர் வந்ததே என் அண்ணனுக்காகத்தான். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டு வாசலில் நாளெல்லாம் நிற்கிற வேலை. நின்ற நேரமெல்லாம் வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். போன வருடம் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு வாரக்கணக்கில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஜெபம் செய்தோம். ஆனால் அந்தக் கரண்டு நோயோடு சேர்த்து அண்ணனின் எச்சிலையும் ருசியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எங்கே போனாலும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவில் ஒவ்வொரு மடக்காக வாயை நனைத்துக்கொள்வார்.

"ருசி மெதுவா வரும். வந்தா தானா சாப்பிடுவார், எடை ஏறும். எடை இன்னும் எறங்குச்சுன்னா மறுபடி மூக்கு வழியா டியூப்தான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டியூப் மாட்டிக்கொண்டு அண்ணன் கிடந்த நாட்களை நான் பார்த்தவள். கோர்ட்டு வாசலில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணனின் நாக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் உப்புக்கு அவர்தான் நீதிபதி. கல்யாண வீடோ கருமாதி வீடோ, முதல் வாய் உள்ளே போனதும் தீர்ப்பு வந்துவிடும். "ஒரு கல்லு கம்மி" என்பார். அல்லது, "ரெண்டு கல்லு கூடப் போச்சு". நாங்கள் வாயில் வைத்துப் பார்த்தால் சரியாக அப்படித்தான் இருக்கும். கல்யாணம் ஆன புதிதில் அவர் மனைவி, என் மதினி, இதற்காக எத்தனையோ முறை அழுதிருக்கிறார்கள். நான் அழுகிற ஜாதி இல்லை. "அப்ப நீங்களே ஆக்கித் தின்னுங்க" என்று கரண்டியை அவர் முன்னால் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆடி மாதம் ஒருநாள் அண்ணன் போன் செய்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற கம்பெனியில் எனக்குப் பில் போடுகிற வேலை. "ஏட்டி, ருசி வந்துருச்சு. காலைல சட்னி ஒறைச்சுச்சு" என்றார். நான் எழுந்து துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் டீயும் வடையும் என் பொறுப்பு.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, தூக்குச் சட்டியில் ஏதாவது கொண்டுபோவேன். ஆட்டெலும்புச் சாறு, மீன் குழம்பில் முள் எடுத்த மீன், குழைத்த பருப்புச் சோறு. எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பார். நாலு வாய் சாப்பிடுவார், மூடி வைத்துவிடுவார். "ஒரு கல்லு கம்மி" என்ற பேச்சே இல்லை. நோய் மனிதரைப் பக்குவப்படுத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எடை மட்டும் ஏறவில்லை. ருசி வந்த பிறகும் ஏன் ஏறவில்லை என்று நானும் மதினியும் பேசிப் பேசிப் பார்ப்போம். என் கைப்பக்குவம்தான் போய்விட்டதோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யலாம் என்று கார்த்திகையில் அவரிடம் கேட்டேன். "எதாவது செய்யி" என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வான்கோழி" என்றார்.

"வான்கோழியா? நம்ம யாரும் தின்னதே இல்லையேண்ணே!"

"அதான். ஒரு தடவ தின்னு பாப்போமே."

ஒரு மனிதன் மாசக்கணக்கில் வாய்விட்டுக் கேட்ட முதல் பண்டம். வான்கோழி என்ன, யானைக்கறி என்றாலும் அன்றைக்கு நான் தேடப் போயிருப்பேன்.

வழக்கமாக எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு முப்பது நாற்பது பேர் வந்து போவார்கள். அண்ணனுக்கு இப்போது நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூச்சம், சாப்பாடு வாயோரம் வழியும். அதனால் இந்த வருடம் மதியச் சாப்பாட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. நான், என் வீட்டுக்காரர், மகள், அண்ணன், மதினி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆக, இலை ஐந்துதான்.

மம்சாபுரம் பக்கம் ஒருவர் வான்கோழி வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் பைக்கில் போய், வெட்டித் துண்டு போட்டே வாங்கி வந்தார். கறியைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். கெட்டிக் கறி. நம் பிரஷர் குக்கரில் வைத்தால் எத்தனை விசில் விட்டாலும் கயிறு கயிறாகத்தான் வரும். அண்ணனுக்கோ நாக்கால் அழுத்தினாலே கரையவேண்டும். "அதுக்குத்தாம்மா இந்தக் குக்கர். எட்டு மணி நேரம் மெதுவா வேகும், பஞ்சு மாதிரி ஆயிரும். ஆனா ஒண்ணு, மூடியைத் தெறக்கவே கூடாது. ஒரு தடவ தெறந்தா சூடெல்லாம் போயி அரை மணி நேரம் பின்னால போயிரும்" என்றாள் மகள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே அண்ணனும் மதினியும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் நானும் மதினியும் உட்கார்ந்து இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் அரைத்துத் தயிரில் கலந்து கறியில் பிசறினோம். மிளகு பேருக்குத்தான், அண்ணன் வாய் தாங்காது. "உப்பக் காலைல போட்டுக்கிடலாம். ராத்திரியே போட்டா கறி வெறைச்சுக்கிடும்" என்றார்கள் மதினி. அதுவும் சரிதான் என்று பாத்திரத்தை அப்படியே பிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் நாலரை மணி ஆராதனை. சேலை கட்டுகிறவர் ஒரு பக்கம், பைபிளைத் தேடுகிறவர் ஒரு பக்கம் என்று வீடே அல்லோலகல்லோலம். நான் கறியைக் குக்கரில் கொட்டினேன். மதினி உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டார்கள். அதற்குள் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. மகள் மூடியைப் போட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. நாங்கள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

திரும்பி வந்து பார்த்தால் குக்கர் அப்படியே இருந்தது. கண்ணாடி மூடி முழுக்க வேர்த்திருந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கொதிக்கிறதா? கொதிக்கவில்லை. விசில் உண்டா? கிடையாது. கிண்டலாமா? கூடாது. ஒரு பாத்திரத்தின் முன்னால் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நான் வாழ்நாளில் நின்றதில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கரண்ட் வைக்கிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். அங்கேயும் சிவப்பு விளக்குதான் எரியும். செய்ய ஒன்றும் இருக்காது, எழுந்து போகவும் முடியாது. அன்றைக்கு அடுப்படியில் எனக்கு அந்தப் பெஞ்சு ஞாபகம்தான் வந்துகொண்டே இருந்தது.

வருகிறவர்கள் வேறு. வீட்டில் தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அக்கா, கேக் வாங்க வந்த சாக்கில் நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்கள்.

"அய்யோ ராமா, இது என்ன விசிலே இல்லாத குக்கரு? வேகுதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா."

"கொஞ்சம் தெறந்து பாரேன்" என்று மூடிமேல் கையை வைத்தார்கள். நான் அந்தக் கையைப் பிடித்து, அதில் ஒரு முறுக்கைத் திணித்து, வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தேன். திரும்பினால் வீட்டுக்காரர் மூடிக்குமேல் குனிந்து நிற்கிறார். "வெந்துருச்சான்னு சும்மா..." என்று இழுத்தார். "ஆக்கப் பொறுத்தவுகளுக்கு ஆறப் பொறுக்காதோ?" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் மாடிக்குப் போய்விட்டார். அதற்குமேல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து குக்கருக்கு முன்னால் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். மதினிகூடத் தொடவில்லை.

ஒரு மணி வாக்கில் மகள் மூடியைத் திறந்தாள். கரண்டியின் முதுகால் லேசாகத் தொட்டதுமே கறி எலும்பைவிட்டுக் கழன்று விழுந்தது. பஞ்சு என்றால் பஞ்சு. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன். முதல் பரிமாறல் அண்ணனுக்குத்தான் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். குழைந்த சோறு, மேலே உதிர்த்த கறி, அதன் மேல் சாறு. அண்ணன் ஜெபம் சொன்னார். குரல் கம்மியிருந்தாலும் ஒரு வரியும் விடாமல் சொன்னார். பிறகு ஸ்பூனில் எடுத்து, சின்னதாக வாயைத் திறந்து, உள்ளே வைத்து அழுத்தினார். நாங்கள் நாலு பேரும் எங்கள் சாப்பாட்டைத் தொடாமல் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் விழுங்கினார்.

"அருமையா இருக்கு. உப்பெல்லாம் அளவா விழுந்திருக்கு" என்றார்.

அவர் வாயால் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை! இத்தனை மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான். உருண்டு வந்த கண்ணீரை மறைக்க நானும் குனிந்து ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

கறியில் உப்பே இல்லை.

கம்மி இல்லை, அறவே இல்லை. வெறும் மாமிசமும் தண்ணீரும் மிளகு வாசமும். எனக்கு ஒரு நொடி என் நாக்கின் மேல்தான் சந்தேகம் வந்தது. மதினியைப் பார்த்தேன், அவர்கள் கண்ணைத் தூக்கவில்லை. மகள் மென்றதை விழுங்காமல் என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் எல்லாம் புரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எத்தனை பேர் சேர்ந்து சமைத்தாலும் உப்பை ஒருவர்தான் போடவேண்டும். அடுப்பைப் பற்றவைக்கிறவர் எவரோ அவர்தான். ரெண்டு கை விழுந்து கரித்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். மதினியும் நானும் எத்தனையோ வருடமாக அதைப் பற்றிப் பேசாமலே அப்படித்தான் செய்து வருகிறோம். அன்றைக்குப் பற்றவைக்க அடுப்பே இல்லை. பிளக்கைச் செருகியது மகள். அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் என்ன தெரியும்? நான் மதினி போட்டார்கள் என்று இருந்தேன், மதினி நான் போட்டேன் என்று இருந்தார்கள். இடையில் யாராவது ஒரு தடவை திறந்து உப்புப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாற்காலி போட்டுக் காவல் இருந்தவள் நான்.

மேஜை நடுவில் உப்புக் கிண்ணம் இருந்தது. அண்ணன் வருகிறார் என்று நானே வைத்தது. அதில் சின்ன ஸ்பூன் வேறு. எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் யார் எடுப்பது? அளவாக இருக்கிறது என்று அவர் சொல்லி முடித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கிண்ணத்தை இழுத்தால் அவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொன்னது போல ஆகிவிடும். வீட்டுக்காரருக்கு இதெல்லாம் எட்டாது. அவர் கை நேராகக் கிண்ணத்துக்குப் போனது. நான் பார்த்த பார்வையில் அது அப்படியே திரும்பி வெங்காயப் பச்சடிக்குப் போனது. பச்சடியில் உப்பு இருந்தது. அவர் பச்சடியாக அள்ளி அள்ளிப் பிசைந்து சாப்பிட்டார். மகள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மதினி மட்டும் எதையும் சேர்க்காமல் அந்தக் கறியை அப்படியே, வாய் வாயாக, முழுவதும் சாப்பிட்டார்கள்.

"என்னட்டி, ஒனக்குப் பிடிக்கலையா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

"நல்லாருக்குண்ணே. இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

"வையி. இதமா எறங்குது."

வைத்தேன். அதையும் சாப்பிட்டார். இத்தனை மாதத்தில் அவர் இவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா, ஆடி மாதம் துணிக்கட்டுக்குப் பின்னால் நின்று அழுத அழுகையை இப்போது திருப்பி அழுவதா என்று தெரியாமல், கரண்டியைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றேன். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. யார் மேலாவது எரிந்து விழுந்தாலாவது ஆறும், அன்றைக்கு அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து அண்ணன் முன்னறையில் கண்ணயர்ந்தார். நானும் மதினியும் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டு மதினி மெல்லச் சொன்னார்கள்.

"எனக்குத் தெரியும்மா. ஆவணிலயே தெரியும். ஒரு நாளு காப்பிக்குச் சீனி போட மறந்துட்டேன். குடிச்சிட்டு, இன்னைக்குக் காப்பி தெவட்டுதுன்னாக."

"ஏன் மதினி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா வந்து அவியட்டயே கேட்டுருவ." அது உண்மைதான். "நான் கவலப்படுவேன்னுதான் மறைக்காக. பழகுன பண்டம்னா, முன்ன மாதிரி இருக்கா இருக்கான்னு நாம கேப்போம்ல, அதான் யாரும் தின்னு பாக்காத வான்கோழியக் கேட்டிருக்காக. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடல. ருசி வந்துருச்சுன்னு நாம நம்புதோம்னாத்தான் நமக்காகவாவது நாலு வாயி திங்காக. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அதையும் விட்ருவாக. மறுபடி டியூப் மாட்டி என்னால பாக்க முடியாதும்மா. அவியட்ட ஒண்ணும் கேட்டுராத. எனக்குத் தெரியும்னும் சொல்லிராத."

அவர்கள் கை சோப்பு நுரையோடு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. "சரி மதினி" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். மதினி உள்ளே மகளிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். அவர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, உப்பு கூடிப்போச்சா, கம்மியா?"

நான் கேட்டின் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்தேன்.

"நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணுபோல வாயை மூடிட்டீகளே. மாப்ள வேற பச்சடியா அள்ளித் தின்னுதாரு. என்னமோ ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சுச்சு. எதுன்னுதான் தெரியல."

"போடவே இல்லண்ணே" என்றேன். "மறந்துட்டோம்."

"போடவே இல்லையா!" என்று தலையை ஆட்டினார். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்தது, உதடு விரியாததால் பாதியிலேயே நின்றுவிட்டது. "எந்த ருசியும் இல்லட்டி. எல்லாம் மண்ணு மாதிரிதான் இருக்கு. கொஞ்சங் கொஞ்சமா வரும்னு நானும் தினம் காலைல ஒரு கல்லு உப்ப நாக்குல வச்சு வச்சுப் பாக்கேன்."

தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது. அண்ணன் பாட்டிலை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஒங்க மதினிக்குத் தெரியாது. ருசி வந்துருச்சுன்னு நம்பிக்கிட்டு, அந்தத் தெம்புலதான் அவ நடமாடுதா. நீ பாட்டுக்கு ஒளறிராத, என்ன?"

உள்ளேயிருந்து மதினி பையை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"சரிண்ணே" என்றேன்.